நாக்கைத் தூக்கிக் காட்டு

இசக்கித்துரை பொண்டாட்டியை நம்பாமல் போனதற்கு அவன் கையில் ஒரு காகிதம் இருந்தது. சங்கரேஸ்வரியின் ரத்தத்தில் வலிப்பு மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ரிப்போர்ட். ஒரு தடவை ஏழு, இன்னொரு தடவை மூன்று. நாலுக்குக் கீழே இறங்கக் கூடாதாம். போதாக்குறைக்கு, அடங்கியிருந்த வலிப்பு அடுப்படியில் வைத்துத் திரும்ப வந்துவிட்டது. வேளாவேளைக்கு விழுங்குகிறவளுக்கு எப்படிக் குறையும்?

"மாத்திரைய முந்தானையில துப்பிருதியோ, ஏட்டி?"

"முழுங்கத்தான் செய்யுதேன். நம்பாட்டா நான் என்ன செய்ய?"

விட்டானா மனுஷன். மறுநாளிலிருந்து காலையும் ராத்திரியும் எதிரே உட்கார்ந்துகொண்டான். அவள் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்ததும், "நாக்கைத் தூக்கிக் காட்டு" என்பான். பூ மார்க்கெட்டில் நாலு வியாபாரியை வாயாலேயே மடக்குகிறவள், ஒரு வார்த்தை பேசாமல் வாயைத் திறந்து காட்டினாள். அதற்குள் எட்டிப் பார்க்க அவனுக்கும் கூசத்தான் செய்தது. ஆனாலும் பார்த்தான். அவள் செத்துக்கித்துப் போய்விடுவாளோ என்ற பயம் அவனுக்கு. மூன்று வாரம் இப்படியே போனது.

மாதக் கடைசியில் மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். மறுபடியும் மூன்று.

இசக்கித்துரை டாக்டர் ஞானபூரணத்திடம் ரிப்போர்ட்டை நீட்டினான். "என் கண்ணால பாத்தேன் டாக்டர். ஒரு வேளை தப்பல" என்றான்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். மருந்து வாங்கிய முதல் வாரத்தில் எடுத்ததெல்லாம் சரியாக இருந்தது. மாதக் கடைசியில் எடுத்ததெல்லாம் இறங்கியிருந்தது. வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை.

"மாத்திரைய எங்க வச்சிருக்கீங்கம்மா?"

மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்த சங்கரேஸ்வரி, வேளை தப்பக் கூடாதென்று எங்கே போனாலும் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். நாலு மாத்திரைகள் அட்டையில்லாமல் சில்லறையோடு விழுந்தன. பை ஈரமாக இருந்தது. விடியற்காலையிலிருந்து பிச்சிக்கும் மல்லிக்கும் தண்ணீர் தெளிக்கிறவளுக்கு இடுப்பு எங்கே காய்கிறது?

டாக்டர் ஒரு மாத்திரையை நகத்தால் கீறிப் பார்த்தார். "இதான் சங்கதி. இந்த மாத்திரை ஈரத்துல கிடந்தா இறுகிரும். வயித்துல சரியாக் கரையாது, ரத்தத்துல முழுசாச் சேராது. நீங்க ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க. அட்டையில இருந்து ஏன் பிரிச்சீங்க?"

சங்கரேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொல்லமாட்டாள் என்று இசக்கித்துரைக்குத் தெரியும். தன்னை இந்தப் பாடுபடுத்தியவனை இங்கேயும் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாளே என்று அவனே வாயைத் திறந்தான்.

"நான்தான் டாக்டர் சொன்னேன். அட்டையப் பாத்தா மார்க்கெட்டுக்கு நோய் தெரிஞ்சிரும், பொறவு சாமிக்கு இவகிட்ட ஒருத்தரும் பூ வாங்கமாட்டாகன்னு."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. டோஸையும் கூட்டவில்லை. "இனிமே அட்டையோடயே இருக்கட்டும். சாப்பிடும்போது மட்டும் பிரிங்க. ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் பாப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போவோம் என்றான். மார்க்கெட்டில் பூ வாடுகிறது என்றாள் அவள். சரியென்று கொண்டுபோய் விட்டவன், என்ன நினைத்தானோ, அவள் பின்னாலேயே உள்ளே போனான். பக்கத்துக் கடை சுந்தரம்மாளிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். விழுந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையில் இரும்பைக் கொடுக்கக் கூடாது.

சுந்தரம்மாள் பூக் கட்டுகிற கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"இதுக்கா தம்பி இம்புட்டு மென்னு முழுங்குதீய? இங்கன ரெண்டு தடவ விழுந்துட்டா. நாங்கதான் ஒருக்களிச்சுப் போட்டு, நினைவு வாரவரைக்கும் கூடவே இருந்தோம். மார்க்கெட்டுக்கே தெரியும். எங்க வீட்டுக்காரவுககிட்ட மட்டும் சொல்லிராதிய, மாத்திரை போடலன்னு சொல்லுவாகன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா."

இசக்கித்துரை அங்கேயே, நனைந்த சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான்.