முகாமுக்குக் கொண்டுபோன மண்

அம்சம் ஒன்பதாவது முடித்த கோடையில் தஞ்சாவூரில் ஒரு முகாம் நடந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து அறிவியல் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று கூட்டிப்போய்க் காட்டுகிற முகாம். கீழ்வேளூர் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் ஒருத்திதான் போனாள். பெண்கள் கல்லூரி விடுதியில் தங்கவைத்தார்கள். மெடிக்கல் காலேஜில் ரத்தம் எடுத்து வைக்கிற இடத்தைப் பார்த்தார்கள். மழையை அளக்கும் கருவியைத் திறந்து காட்டினார்கள். மருந்து கலக்குகிறவர், எக்ஸ்ரே எடுக்கிறவர், நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் விதையைத் தரம் பிரிக்கிறவர் என்று இத்தனை உத்தியோகம் உலகத்தில் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் ஊரில் படித்தவர் என்றால் வாத்தியார், இல்லையென்றால் கர்ணம்.

முகாமை நடத்தியவர் நூர்ஜஹான் டீச்சர். நாகூர்க்காரர், அந்தக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். முப்பது வயதுகூட இருக்காது. வரும்போது அவரவர் வீட்டு வயலிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். பிள்ளைகள் துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல் நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு மருந்து விடச் சொன்னார். எல்லாருடைய குழாயிலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அம்சத்தின் குழாயில் மட்டும் ரோஜாப்பூ நிறம் ஏறியது.

பிள்ளைகள் எல்லாரும் அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். டீச்சர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். களர் ஏறிய மண் இப்படித்தான் காட்டும், இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்:

"யார் வயல் மண்ணும்மா இது?"

"எங்க வயல், டீச்சர்" என்றாள் அம்சம்.

அந்த வார்த்தையை அவள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நிலம் குஞ்சிதபாதம் பிள்ளையுடையது. அவளுடைய அப்பா ஐயாவு அவர் பண்ணையில் ஆளாக இருந்தவர். வடிகால் ஓரமாகக் கிடந்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், களர் நிலத்தை, "நீயே பண்ணி எனக்குக் குத்தகை அளந்துடு" என்று பிள்ளை பத்து வருஷத்துக்கு முன்னால் வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலத்தைவிட்டு லேசில் கிளப்ப முடியாது என்றார்கள். விவசாயிகள் சங்கத்து ஆட்கள் குடிசை குடிசையாக வந்து சொன்னார்கள். பதியப்போனவர்களின் வயலில் மறுநாளே மிராசுதார்களின் ஆட்கள் இறங்கினார்கள். அரிவாள் வெட்டு, போலீஸ், கோர்ட்டு என்று அந்தப் பக்கமே கொதித்துக் கிடந்தது. ஐயாவு பதியப்போகவில்லை. வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் வயல் அவரிடம் தங்கியது.

இதெல்லாம் அம்சத்துக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த அறையில் மிராசுதார் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள், அவர்கள் மண்ணில் நிறம் வரவில்லை, அவள் மண்ணில் வந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகாமின் கடைசியில் ஒரு வயலுக்கு நேரில் போவதாக ஏற்பாடு. டீச்சர் அவள் வயலுக்கே போகலாம் என்றார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என அம்சத்துக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவள் ஊருக்குக் காலேஜ் டீச்சர் வரப்போகிறார். அந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

விவசாய இலாகா ஜீப் முன்னால் வந்தது, பிள்ளைகளை ஏற்றிய வேன் பின்னால் வந்தது. டீக்கடையில் நிறுத்தி டிரைவர், "ஐயாவு வயல் எதுங்க?" என்று கேட்டார். கடையில் இருந்த கூட்டத்தில் குஞ்சிதபாதம் பிள்ளையின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் இராஜாங்கமும் இருந்தார். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஐயாவு ஓடிவந்தார். தோள் துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. அரசாங்க வண்டியைப் பார்த்து முதலில் யாரோ செத்துவிட்டதாகவே நினைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் பிள்ளைகளுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தார். விவசாய அதிகாரி வெடித்துக் கிடந்த வயலில் குழி பறிக்கச் சொல்லி, ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும் என்று விளக்கினார். எல்லாவற்றுக்கும் ஐயாவு தலையாட்டினார். எத்தனை வருஷமாக இதைச் சாகுபடி செய்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது அவர் வரப்பில் நின்ற இராஜாங்கத்தைப் பார்த்தார்.

"சும்மா... பண்ணைக்காகப் பாத்துக்கறேங்க" என்றார்.

"பத்து வருஷமா பண்றோம் டீச்சர்" என்று அம்சம் குறுக்கே சொன்னாள். அப்பாவுக்குக் கூச்சம் என்றுதான் அவள் நினைத்தாள்.

இராஜாங்கம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த வாரம் பிள்ளையின் டிராக்டர் வயலில் இறங்கியது. கூடவே பத்துப் பதினைந்து ஆட்கள் வந்தார்கள், ரோட்டில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். பதிவு செய்யத்தானே ஜீப்பைக் கூட்டிவந்தாய் என்று இராஜாங்கம் கேட்டார். ஐயாவு இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஐயாவு நடந்துகொண்டது அம்சத்துக்கே புதிதாக இருந்தது. அத்தனை வருஷம் பயந்து கிடந்த மனிதர், இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும் நிமிர்ந்துவிட்டார். சங்கத்து ஆட்களோடு போய்ப் பதிவுக்கு மனுக் கொடுத்தார். ஊரில் யாரும் சாட்சிக்கு வர மாட்டார்கள், வெளியாள் ஒருவர் வந்தால் நல்லது என்று அவர்கள் சொன்னார்கள். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார். கல்லூரி வாசலில் டீச்சர் முன்னால் கைகட்டி நின்றார்.

"நீங்க பாத்ததைச் சொன்னாப் போதும்மா."

நூர்ஜஹான் டீச்சர் யோசிக்கவேயில்லை. வருகிறேன் என்றார்.

விசாரணைக்கு முதல் நாள் ஐயாவு சங்க ஆபீசுக்குப் போயிருந்தார். இராஜாங்கம் குடிசைக்கு வந்தார். அவர் மிரட்டவில்லை, தணிந்த குரலிலேயே பேசினார். பிள்ளைக்கு ஐயாவு மேல் கோபமில்லை, ஜீப் வந்ததில்தான் மனசு விட்டுப்போயிற்று என்றார். பெருமைக்காகச் சொன்னேன், அப்பா கூலிக்குத்தான் பார்த்தார் என்று விசாரணையில் பெண் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சம்பா நடவுக்குப் பிள்ளை வயலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் குடியிருக்கிற மனையும் பிள்ளையுடையதுதான் என்பதை யோசித்துக்கொள்ளச் சொன்னார்.

அவர் போன பிறகு அம்சத்தின் அம்மா ராசம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

"உன் வாயாலதான் போச்சு" என்றாள். "உன் வாயாலயே திரும்பி வரட்டும். அப்பாகிட்ட சொல்லாத."

விசாரணை தாலுகா ஆபீசில் நடந்தது. டீச்சர் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தார். வயலைப் பார்த்தேன், இவர்தான் சாகுபடிக்காரர் என்று இவருடைய மகள் சொன்னாள், மண்ணையும் அவள்தான் கொண்டுவந்தாள் என்று தெளிவாகச் சொன்னார். தாசில்தார் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளையின் வக்கீல் எழுந்து, டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெண் சொன்னதுதானே, அவளையே கேட்டுவிடலாம் என்றார். சின்னப் பிள்ளை, வேண்டாம் என்று ஐயாவு சொன்னார். அம்சம் தானாகவே முன்னால் போனாள்.

"அந்த வயலை யாரும்மா பண்றது?" தாசில்தார் கேட்டார்.

"பிள்ளைதாங்க. எங்கப்பா கூலிங்க."

"முகாமுல எங்க வயல்னு சொன்னியாமே?"

"பீத்திக்கறதுக்காகச் சொன்னேங்க."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பயப்படாமல் சொல்லு என்று இன்னொரு தடவை கேட்டார். அவளும் இன்னொரு தடவை அதையே சொன்னாள். ஐயாவுடைய கை எதையோ தடுக்கப்போவதுபோல் உயர்ந்து, பாதியில் இறங்கிவிட்டது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சம்பாவுக்கு வயல் வந்துவிடும், அப்போது அவருக்குப் புரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் டீச்சர் அவள் தலையில் கைவைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், ராசம்மாள் நிற்பதைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். ஐயாவு மகளிடம் கேட்டதெல்லாம், "பசிக்குதா?" என்பதுதான். பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

மனு தள்ளுபடியானது. சம்பாவுக்கு வயல் வரவில்லை. ராசம்மாள் இராஜாங்கத்தைத் தேடிப்போய்க் கேட்டபோது, பிள்ளை மனசு மாறிவிட்டார், நான் என்ன செய்வது என்றார். அடுத்த கோடையில் லாரியில் ஜிப்சம் வந்து இறங்கியது. அதிகாரி சொன்னதையெல்லாம் வரப்பில் நின்று கேட்டவர் இராஜாங்கம்தானே. தண்ணீர் கட்டினார்கள், வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து உழுதார்கள். களர் முறிந்து பயிர் கருகருவென்று நின்றது. ராசம்மாள் அதே வயலில் கூலிக்கு நடவுக்குப் போனாள். ஐயாவு மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. வேளாங்கண்ணியில் சத்திரம் கட்டுகிற இடத்தில் மண் சுமந்தார். இருந்தவரைக்கும் மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அம்சம் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

அடுத்த முகாமுக்கும் டீச்சர் அவள் பெயரைச் சேர்த்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். உடம்புக்கு முடியவில்லை என்று அம்சம் நின்றுவிட்டாள்.

அவள் படித்தாள், வேலைக்கும் போனாள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். ஐயாவு இறந்து கருமாதி முடிந்த பிறகுதான் நாகூருக்குப் போய் நூர்ஜஹான் டீச்சரைத் தேட அவளுக்குத் தைரியம் வந்தது. டீச்சர் ஓய்வுபெற்றுத் தம்பி வீட்டு மாடியில் இருந்தார். முடி வெளுத்திருந்தது. பெயரைச் சொன்னதுமே தெரிந்துகொண்டார்.

"நானே வந்திருக்கணும் அம்சம்" என்றார். "அரசாங்க ஜீப்ல உன் ஊருக்குள்ள வந்தேனே, அது என்ன ஊர், என்ன நேரம்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? உங்க அப்பா நுங்கு வெட்டினப்ப கை நடுங்குச்சு. பாத்துட்டு, வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

நீங்கள் இல்லை டீச்சர், நான்தான் என்று அம்சம் சொன்னாள். இராஜாங்கம் வந்ததை, அம்மா சொன்னதை எல்லாம் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னாள். டீச்சர் கேட்டார். ஆனால் அவர் முகத்தில் பாரம் இறங்கியதாகத் தெரியவில்லை. அம்சத்துக்கும் இறங்கவில்லை.

பிறகு டீச்சர் என்ன வேலை என்று விசாரித்தார். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்றாள் அம்சம். டீச்சரின் முகம் மலர்ந்தது.

"சயின்ஸ்தானே?"

"இல்லீங்க டீச்சர். தமிழ்."

தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அம்சம் எழுந்தாள். பஸ் இருட்டும்வரை இருந்தது. அவளால்தான் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.