முன்னால் போகிற பட்டாளம்

சவப்பெட்டியை வாய்க்கால் கரையில் இறக்கிவைத்துவிட்டு, தூக்கிவந்தவர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள். காலையில் பெய்த மழை விளாங்குடி நடைபாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. அக்கரையில்தான் கல்லறைத் தோட்டம். அங்கே மனைவிக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று இன்னாசிமுத்து கேட்டிருந்தார். மகள் ஆனிமேரி வாக்குக் கொடுத்திருந்தாள்.

தாய்மாமன் ஆசீர்வாதம் கரையோரம் ஒரு மேட்டைக் காட்டினார். காலாட்படையில் அவில்தாராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சுக் கிடையாது.

"மச்சானை இங்கனயே அடக்கிருவோம்த்தா. எம்புட்டு நேரம் போட்டு வச்சிருக்கிறது?"

கொடுத்த வாக்கை விட்டுவிட ஆனிமேரி தயாராக இல்லை. அப்பா இருந்தது பயனியர் பட்டாளம். மாமா அதைப் பட்டாளம் என்றே ஒப்புக்கொண்டதில்லை. நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் மண்வெட்டிப் பட்டாளம் என்று சிரிப்பார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் மகளிடம் சொல்வார். சிப்பாய் நடக்க ரோடு வேண்டும், ஆறு தாண்டப் பாலம் வேண்டும், அதைப் போடுகிறவன் பயனியர். முதுகில் துப்பாக்கி, கையில் கடப்பாரை. எல்லாருக்கும் முன்னால் போகிறவன் அவன்தான்.

அந்தப் பட்டாளத்தைச் சர்க்கார் கலைத்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா நாயக் பதவியில் இருந்து நடத்திய செக்‌ஷனில் மிஞ்சியிருந்த சோணைமுத்துவும் சங்கிலியும் வாடிப்பட்டியிலிருந்து சாவுக்கு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள். ஆனிமேரி அவர்களிடம் போனாள்.

"சித்தப்பா, ஒங்க நாயக்கை இந்தக் கரையிலயே விட்டுட்டுப் போகப்போறீகளா?"

சோணைமுத்து வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். சங்கிலி அதற்குள் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். தோப்பில் வெட்டிக் கிடந்த பனந்தடிகளை எங்கே பிடிப்பது, எப்படி உருட்டுவது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, முணுமுணுத்தவர்களும் தோள் கொடுத்தார்கள். பொம்பளப்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரோ கேட்டதை ஆனிமேரி காதில் வாங்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தடி அசையாமலிருக்கக் கூடை கூடையாக மண் கொண்டுவந்து கொட்டினாள்.

வெயில் சாய்வதற்குள் பாலம் நின்றது. சோணைமுத்து அதன் நடுவில் போய்க் குதித்துப் பார்த்தார். ஆசீர்வாதம் வழக்கம்போல எல்லாருக்கும் முந்திக் காலெடுத்து வைத்தார்.

"மாமா," என்றாள் ஆனிமேரி. "பயனியரு போன பொறவுதான் மத்த பட்டாளம்."

அவர் வைத்த காலை எடுத்துவிட்டார்.

சோணைமுத்துவும் சங்கிலியும் முன்பக்கம் தோள் கொடுக்க, பெட்டி பாலத்தில் ஏறியது. பின்னால் நடந்த ஆனிமேரிக்கு அழுகையும் வந்தது, அதைவிடப் பெருமையும் வந்தது. அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தாள். மாமா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியாகப் பாலத்தில் வந்துகொண்டிருந்தார்.