முதல் வாந்தி

அக்காவுக்கு வரிசை என்றாலே ஆகாது. எங்கே போனாலும் எதையாவது சொல்லி முன்னால் போய்விடுவாள். அந்தச் சாமர்த்தியத்தில் வீட்டில் எல்லோருக்கும் பெருமை, எனக்கும்தான்.

அணுகுண்டு விழுந்தபோது அத்தான் ஜவுளிக்கடையின் அடித்தளக் குடோனில் துணி பிரித்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த கடையும் இல்லை, தெருவும் இல்லை. எங்கள் வீடு ஊர்க்கோடியில் இருந்ததால் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்ததோடு தப்பித்தது. அத்தான் கரியும் சாம்பலுமாக நடந்தே வந்து சேர்ந்தார். மறுநாள் ஒருமுறை வாந்தி எடுத்தார், பிறகு பசிக்கிறது என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் நகரத்தின் நடுவில் இருந்தன, அதனால் அவையும் போயின. வெற்றி நமதே என்று மார்தட்டிய பெரிய மனிதர்கள் தங்களுக்குப் பதுங்கறை கட்டிக்கொண்டார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூடாரம்.

வாசலில் நர்ஸ் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டாள். "குண்டு விழுந்து எவ்வளவு நேரத்துல வாந்தி வந்துச்சு?"

அத்தான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "உடனேம்மா! கால் மணி நேரம்கூட ஆகல. அப்பலேர்ந்து நிக்கவே இல்ல. கொஞ்சம் சீக்கிரம் பாருங்கம்மா, பிள்ளைகுட்டிக்காரரு."

நர்ஸ் அவர் மணிக்கட்டில் கறுப்பு நாடா கட்டி, மைதானத்தின் மறுகோடி மரநிழலைக் காட்டினாள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மரநிழலில் படுத்திருந்த ஒருவருக்கும் ஊசி இல்லை, குளுக்கோஸ் இல்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டேன்.

"இங்க வரமாட்டாரு தம்பி. உடனே வாந்தி எடுத்தவங்க பொழைக்க மாட்டாங்களாம். இருக்குற மருந்து பொழைக்கிறவங்களுக்கே பத்தல."

அக்காவை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவள் நர்ஸின் காலைப் பிடித்தாள். "பொய் சொல்லிட்டேம்மா! மறுநாள்தான் எடுத்தாரு, ஒரே ஒரு தடவ. சத்தியமா!"

நர்ஸ் குனிந்து அவள் கைகளை விலக்கினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. "காலையிலேர்ந்து எல்லாரும் திரும்பி வந்து இதையேதாம்மா சொல்றாங்க. நான் யாரை நம்புறது?"

அடுத்து நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் வாயைத் தன் சட்டை நுனியால் அவசரமாகத் துடைத்துவிட்டு, "இவ வாந்தியே எடுக்கலம்மா" என்றார்.

நர்ஸ் அவளுக்கு வெள்ளை நாடா கட்டி உள்ளே அனுப்பினாள். அந்தப் பெண்ணின் முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட வேண்டும் போல இருந்தது எனக்கு.