டிரம் சார் உதைக்க மாட்டார்

மேடையில் ஏறியதும் அவளுடைய கைகள் இரண்டும் தாமாகவே பால் கறக்கத் தொடங்கின. வாய் திறந்துதான் இருந்தது, பாட்டு வரவில்லை. கீழே பெஞ்சுகளில் சிரிப்பு கிளம்பிய பிறகே விரல்கள் காற்றைப் பிழிந்துகொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"நாளைக்கு இன்னொரு தடவ பாக்கலாம்" என்றார் பாட்டு டீச்சர். "அப்பவும் இப்படின்னா ஆண்டு விழாவுல ஒட்டடைக்குச்சி பாடட்டும்."

ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப் பெண் பக்கத்து வகுப்பு. மூக்கால் பாடுவாள், ஆனால் பாடிவிடுவாள்.

இவளுக்கோ பேச்சு வந்த நாளிலிருந்து பாடகியாக வேண்டும் என்பதுதான் கனவு. தினமும் தொழுவத்தில் குந்தி, மகாராணியின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கறந்துகொண்டே பாடுவாள். மகாராணியும் லேசுப்பட்ட மாடு இல்லை. நிலாப் பாட்டு காதில் விழுந்தால்தான் பால் இறக்கும். அம்மா உட்கார்ந்தால் மடியை இறுக்கிக்கொண்டு, கடன்காரரைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"மாட்டுகிட்ட தொண்ட கிழியக் கத்துற, மனுஷங்களப் பாத்தா வாய் ஒட்டிக்குதா?" என்றாள் அம்மா அன்று மாலை.

"மகாராணி சிரிக்காதும்மா. பாதியில எழுந்தும் போகாது."

"கட்டிப் போட்டிருக்கேன். எங்க போகும்?" என்றார் அப்பா, வைக்கோலை உதறியபடி.

அவள் நின்றுகொண்டு பாடிப் பார்த்தாள். ஓர் எட்டுத் தள்ளி நின்றதுமே குரல் உள்ளே ஓடிப்போனது. மகாராணி காலைத் தூக்கி வாளியைத் தட்டிவிட்டது. மறுபடி குந்தி நெற்றியைச் சாய்த்தாள். வெதுவெதுப்பான தோலுக்குள் வயிறு கடமுடவென்று உருண்டது. பாட்டும் வந்தது, பாலும் வந்தது. அப்படியானால் தொண்டையில் ஒன்றும் கோளாறு இல்லை. சாய்ந்துகொள்ளத்தான் ஏதாவது வேண்டும்.

மறுநாள் மேடையில் சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. சுவர் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பாட்டுக்கு டிரம் வாசிக்கும் டிரம் சார் மட்டும்தான். முக்காலி கண்ணுக்குத் தெரியாதபடி அதன்மேல் நிரம்பி உட்கார்ந்திருந்தார். டீச்சர் தொண்டையைச் செருமினார். ஒட்டடைக்குச்சி எழுந்து பாவாடையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டாள்.

இனி யோசிக்க நேரமில்லை. அவள் டிரம் சாரிடம் போய்க் குந்தினாள்.

"சார், கொஞ்சம் அசையாம இருங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய விலாவில் நெற்றி பதிந்துவிட்டது. சட்டையில் சோப்பு வாசனை. அது சரிப்படவில்லை. நல்லவேளையாக அவர் சாப்பிடாமல் வந்திருந்தார், வயிறு கடமுடவென்றது. அவ்வளவுதான், பாட்டு பீறிட்டுக்கொண்டு வந்தது. கைகள் தம் பாட்டுக்குக் காற்றைக் கறந்தன. விலாக் கூச்சத்தில் நெளியவும் முடியாமல் மூச்சைப் பிடித்தபடி, கண் கலங்க, டிரம் சார் கல்லாக உட்கார்ந்திருந்தார். பெஞ்சுகளில் ஒரு சத்தமும் இல்லை.

பாட்டு முடிந்தது. பழக்க தோஷம், அவர் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டி, "அவ்ளோதான்டி செல்லம், போய்ப் படுத்துக்கோ" என்றாள்.

கூடமே அதிர்ந்தது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும், "நல்லாத்தான் பாடுற. ஆனா விழா அன்னைக்கு என்ன பண்ணுவே?" என்றார்.

"நான் பக்கத்துல இருக்கேன் டீச்சர்" என்றார் டிரம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உதைக்க மாட்டேன்."

வீட்டுக்கு ஓட்டமாக வந்து சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் கேட்டாள், "விழா எத்தன மணிக்குடி?"

சாயங்காலம். கறக்கிற நேரம். மூவரும் ஒரே சமயத்தில் தொழுவத்தைப் பார்த்தார்கள்.

"ஒரு நாளைக்குத்தானே, நான் கறக்கிறேன். இப்பவே பழகிக்கிறேன்" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். கல்யாண வீட்டில்கூட வாயசைத்ததோடு சரி, பாடியவர் இல்லை. வாளியை வைத்துக் குந்தி, மகாராணியின் விலாவில் நெற்றியைச் சாய்த்து, ஊரே கேட்டுவிடுமோ என்று பயந்தவர்போல நிலாவைக் கூப்பிட்டார். குரல் துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி இருந்தது.

மகாராணி அசைபோடுவதை நிறுத்தியது. மெல்லக் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. பிறகு, வாசலில் மூச்சைப் பிடித்து நின்ற மகளைப் பார்த்தது.

"அடுத்த வரி என்னடி?" என்றார் அப்பா, நெற்றியை எடுக்காமல்.

வாளி இன்னும் காலியாகத்தான் இருந்தது. மகாராணியின் காது ஒன்று மட்டும் மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.