ஆறாத உடம்பு

அப்பாவின் பாதத்தைத் துடைக்கக் குனிந்த பெரியவள், ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் மறுபடி தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. விடியற்காலையில் போன உயிர். வெயில் இன்னும் ஜன்னலைக்கூட எட்டவில்லை. அதற்குள் இப்படியா?

டிராகன் செத்தால் சாயங்காலம் வரை உடம்பு ஆறாது. மனித உருவத்தில் செத்தாலும் சரி, சிறகோடு செத்தாலும் சரி. கூட வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக நெஞ்சில் கைவைத்து அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை எடுக்கக் கூடாது. மனிதக் கை மட்டும் படவே கூடாது.

உயிரோடு சேர்த்து அந்தச் சூட்டையும் ஒரே ராத்திரியில் அணைக்கக்கூடியது குளிர்மருந்து ஒன்றுதான். அது மனிதர்களின் கைச்சரக்கு. இந்த வீட்டில் மனிதப்பிறவி ஒருத்திதான், தம்பி கட்டிக்கொண்டு வந்த தையல்காரி. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டாதே என்று பெரியவள் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாதான் சிரித்துக்கொண்டே ஆரத்தழுவி உள்ளே கூட்டி வந்தார்.

அப்பா பெற்ற அப்பா இல்லை. பேக்கரிக்காரர். வெவ்வேறு சந்துகளில் அநாதையாகக் கிடந்த அவளையும் தம்பியையும் தூக்கிவந்து, பிள்ளைகள் என்று ஊர் வாயை அடைத்தவர். சிறு வயதிலேயே சிறகு முறிந்துவிட்டதாம், அதனால் உருமாறுவதில்லை. ஆனால் கட்டிப்பிடித்தால் அனலாக இருப்பார்.

கொல்லைப் படியில் காலடி கேட்டது. தையல்காரி எதையோ துணி போட்டு மூடித் தூக்கி வந்தவள், பெரியவளைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"ராத்திரி பால் யார் குடுத்தது?"

"நான்தான் அண்ணி."

"அந்த டம்ளர ஏன் அதுக்குள்ள கழுவிக் கவுத்த?"

"கை சும்மா இருக்கமாட்டேங்குது அண்ணி."

செத்த வீட்டில் எவளுக்காவது முதல் வேலையாகப் பாத்திரம் தேய்க்கத் தோன்றுமா?

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா மூடித் தூக்கிட்டு வர்ற? இறக்கு. அவரு உடம்பு ஐஸா கிடக்கு. தம்பி ராத்திரி வேலை முடிஞ்சு பட்டறையிலேர்ந்து வரட்டும், அவன் முன்னாடியே கேக்கறேன். இன்னைக்கு இந்த வீட்டுலேர்ந்து நீயும்தான் வெளிய போகப்போற."

தையல்காரி துணியை விலக்கினாள். ரொட்டி அடுப்பில் சுட்டெடுத்த செங்கல்கள், ஆவி பறந்துகொண்டிருந்தன.

"மாமா சொல்லி வச்சிருந்தாரு. நெஞ்சுக்கும் காலுக்கும் சாயங்காலம் வரைக்கும் மாத்தி மாத்தி வைக்கணும்னு. அடுப்பு காயறதுக்குள்ள நீங்க துடைக்க உக்காந்துட்டீங்க."

"எதுக்கு?"

அவள் கொடியில் கிடந்த அப்பாவின் பனியனை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். நெஞ்சுக்கு நேரே வரிசையாகப் பைகள். ஒன்றில், அடுப்பில் சுட்டுச் சுட்டுக் கருகிய ஓட்டுத்துண்டு ஒன்று இன்னும் இருந்தது. பழைய பைகளில் சணல் தையல் கோணல்மாணலாக ஓடியது. புதியவை அவள் கைவேலை.

பெரியவள் அப்பாவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். தழும்புக்கு மேல் தழும்பு. பேக்கரிக்காரன் கை அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை காலம் இருந்துவிட்டாள். டிராகன் தோலை அடுப்பு சுடுமா என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. பால்காரன் முதல் பக்கத்து வீடு வரை எல்லாரையும் சந்தேகப்பட்டவள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சந்துல பாத்தப்ப நீங்க முதல்ல கேட்டதே, 'நீ எங்க ஆளா?'ன்னுதானாம். மனுஷன்னு சொன்னா ஓடிருப்பீங்கன்னு ஆமான்னுட்டாராம். அப்புறம் சொல்ல வாய் வரலையாம்."

உண்மைதான். ஓடியிருப்பாள். கடித்துவிட்டு ஓடியிருப்பாள்.

வாசலில் தம்பியின் குரல் கேட்டது. தையல்காரி பதறிப்போய்ச் செங்கல்லை எடுத்தாள். பெரியவள் அதைத் தடுத்து, அப்பாவின் சட்டைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். தனக்குள்ளே இருந்த கனல் முழுவதையும் கைக்கு இறக்கினாள். கண்ணில் நீர் முட்டியது.

தம்பி வெல்டிங் புகை நாற்றத்தோடு உள்ளே வந்து மண்டியிட்டான். அவள் விரல்களைச் சற்று விலக்க, அந்த இடத்தில் சட்டைமேல் கைவைத்தான்.

"இன்னும் நல்லா சூடா இருக்காருக்கா."

"இருப்பாரு. சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு."

அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரியவள் கையை எடுக்காமலே தையல்காரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கயே நின்னா எப்படி? நீயும் வந்து வாங்கிக்க."

"அக்கா, அவ..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"நீ சும்மா இரு."

தையல்காரி செங்கல்பொடி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பெரியவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.