திரும்பி நிற்கும் ஆள்

தாளில் நாலாவது இடம் இன்னும் காலியாகவே இருந்தது. ஒரே பெரிய தாளில் நாலு புத்தகங்களுக்கான அட்டைகளைச் சேர்த்து அடித்து, பிறகு வெட்டிக்கொள்வது அந்தப் பதிப்பகத்தின் வழக்கம். மூன்றை மட்டும் அடித்தால் கால்வாசித் தாள் வீணாகும். தாள் வீணானால் முதலாளிக்குத் தன் உடம்பிலிருந்தே யாரோ ரத்தம் எடுத்துக்கொண்டு போன மாதிரி முகம் வெளிறிவிடும். அதனால் நாலாவது புத்தகத்தை யாரும் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை என்றாலும் அதற்கு அட்டை தயாராகிவிடும். மர்மக் கதை எழுதுகிறவர் அந்த அட்டையை எதிரில் வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் ஆளுக்குத் தகுந்த சாவு ஒன்றைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி பிரஸ்ஸுக்குப் போயாகணும்மா," என்றார் முதலாளி, கதவில் சாய்ந்தபடி. "தலைப்பு 'பின்னால் யாரோ'. வேற எதுவும் எனக்குத் தெரியாது. எழுதப்போறவருக்கும் தெரியாது."

"சரி சார்."

"அதே முதுகைத் தூரத்துல நிக்க வைக்காத. போன மாசம் கடைக்காரன் கேக்கறான், என்ன சார், உங்க புத்தகத்துல எல்லாருமே பஸ்ஸுக்குக் காத்திருக்காங்களான்னு. இந்தத் தடவை கிட்டப் போ. கழுத்து, காது, கொஞ்சம் இருட்டு. பாக்கிறவனுக்குத் தன் கழுத்துல யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கணும்."

அவர் சொன்ன முதுகு, கணினி முன் உட்கார்ந்து அட்டை செய்துகொண்டிருந்த அவளுடைய கணவருடையது.

அது ஆரம்பித்த விதம் வேடிக்கையானது. ஒரு முறை இணையத்திலிருந்து யாரோ ஒரு ஆளின் படத்தை எடுத்துப் போட்டு, அந்த ஆள் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, முதலாளி ஒரு வாரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவே இல்லை. அதற்குப் பிறகு அவர்தான் கேட்டார், "ஏம்மா, ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரர் சும்மாதானே இருக்காரு?" முகம் தெரியக்கூடாது, முகம் தெரிந்தால் எல்லாக் கதையிலும் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். முதுகு யாருடையதாகவும் இருக்கலாம். அப்படித்தான் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அவள் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிச் சுவரோரம், படிக்கட்டில், ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் என்று திரும்பி நிற்க ஆரம்பித்தார். அவருக்கு அதில் அலாதிப் பெருமை. கல்யாண வீட்டில் புதிதாக அறிமுகமாகிறவர்களிடம்கூட, "என்னை நீங்க கடையில தொங்கறப்பப் பாத்திருப்பீங்க" என்று சொல்லி, அவர்கள் விழிப்பதை ரசிப்பார். "முன்பக்கம்னா ஹீரோ சம்பளம் கேப்பேன். பின்பக்கம் ஓசி." மாதம் பிறந்தால் அவள் முகத்தைப் பார்த்து முதலில் கேட்பது, "இந்த மாசம் எனக்கு என்ன சாவு?" என்பதுதான். கத்திக்குத்து, விஷம், மாடியிலிருந்து தள்ளிவிடுவது எல்லாம் ஆகியிருந்தது. தண்ணீரில் மூழ்கியது மட்டும் இரண்டு தடவை.

அவள் அந்தக் கணினி முன் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை முழுமையாகக் கற்றிருந்தாள். வேகம். ஒரு அட்டைக்கு ஒரு காலை நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். படத்தைத் திறந்ததும் கை தானாகத் துடைக்கப் போய்விடும். காலரில் தொங்கும் நூல், பின்னால் சுவரில் ஓடும் கேபிள், கொடியில் மறந்துபோன துணிக்கிளிப், தோளில் உதிர்ந்த பொடுகு. பக்கத்திலிருக்கும் நல்ல இடத்தை எடுத்துக் கெட்ட இடத்தின் மேல் பூசிவிடுகிற ஒரு பிரஷ் உண்டு. திரையில் அது சின்ன வட்டமாகத் தெரியும். வேண்டாததன் மேல் வட்டத்தை வைத்து ஒரு தட்டு, போய்விடும். கணவரின் வலது காதுக்குப் பின்னால், முடி முடிகிற இடத்தில் இருந்த மச்சமும் அந்தக் கணக்கில்தான் போனது. மாதாமாதம் ஒரு தட்டு. அதைத் துடைக்கும்போது அது மச்சம் என்றோ, அது அவருடைய கழுத்து என்றோ அவள் நினைத்ததில்லை. நினைக்க நேரமிருந்தால் அது அந்தப் பதிப்பகமே இல்லை.

போன ஞாயிறு எடுத்த படங்களில் ஒன்றைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். தோளுக்கு மேல் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினாள். கழுத்து திரையை நிறைத்தது. முதலாளி சொன்னது சரிதான், கிட்டப் போனதும் படத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பழக்கப்படி பிரஷை எடுத்துக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

வட்டம் அதை மூடவில்லை.

மச்சத்தின் மேல் வட்டத்தை வைத்தபோது, வட்டத்துக்கு வெளியே ஒரு பக்கம் கறுப்பாக எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்தை அதிகம் பெரிதாக்கியிருக்கிறோம் என்று நினைத்து, எப்போதும் வேலை செய்யும் அளவுக்குக் குறைத்தாள். அப்போதும் மூடவில்லை. பிரஷின் அளவை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்தாள். அவள் கணினியை வேறு யாரும் தொடுவதில்லை. அளவு அதேதான்.

கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, ஏன் செய்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல், பழைய படங்களைத் தேடித் திறந்தாள். துடைத்தவற்றை அல்ல, துடைப்பதற்கு முன்னாலிருந்த அசல் படங்களை. படிக்கட்டில் நின்றது, மாடியில் நின்றது, கண்ணாடி முன் நின்றது, இப்போது ஜன்னலில் நிற்பது. ஒவ்வொன்றிலும் கழுத்தை மட்டும் வெட்டி, காது ஒரே அளவில் இருக்கும்படி சரிசெய்து, நாலையும் ஒரே பக்கத்தில் வைத்தாள். நாலு அட்டைகளைத் தாளில் அடுக்குவதுபோலவே கை அடுக்கியது.

முதல் படத்தில் கடுகு. இரண்டாவதில் மிளகு. மூன்றாவதில் அது உருண்டையாக இல்லை. நாலாவதில் ஈரத் தாளில் சொட்டிய மை மாதிரி ஓரம் கலைந்து, காதை நோக்கி ஒரு நாக்கு நீட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே கறுப்பாகவும் இல்லை. அச்சில் நாலு மையும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் விலகினால், எழுத்தின் ஓரத்தில் வேறு நிறம் கசியும். அப்படி ஒரு பக்கம் பழுப்பும் ஒரு பக்கம் நீலமும் கசிந்திருந்தன. இப்படி அச்சாகி வந்திருந்தால் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

"என்னம்மா, ஆச்சா?" முதலாளி பின்னால் வந்து நின்றார். அவள் சட்டென்று நாலு கழுத்துகளையும் மறைத்து அட்டையை முன்னால் கொண்டுவந்தாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அடேயப்பா. இது விக்கும். அது என்ன அழுக்கு மாதிரி?"

"மச்சம் சார்."

"எடுத்துடு. பாக்கிறவன் அச்சுல விழுந்த கறைன்னு சொல்வான், பிரஸ்காரன் பழியை நம்ம மேல போடுவான்."

"எடுக்கறேன் சார்," என்றாள். வட்டத்தை அதன் மேல் வைத்தாள். விரல் அழுத்தவில்லை. முதலாளி ஒருமுறை கடிகாரத்தையும் ஒருமுறை அவளையும் பார்த்தார். கீழே பிரஸ்ஸிலிருந்து வந்த வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

பக்கத்து மேசையில் டைப் அடிக்கும் அக்கா எழுந்து வந்தாள். அந்த அலுவலகத்தில் எல்லாப் புத்தகங்களையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறவள் அவள் ஒருத்திதான். அதுவும் வேறு வழியில்லாமல். "என்னடி, உக்காந்துக்கிட்டே தூங்கறியா? தள்ளு," என்று அவள் தோளை இடித்து மவுஸை வாங்கினாள். வட்டத்தைப் பெரிதாக்கி ஒரு தட்டு, இன்னொரு தட்டு. "பாரு. போயே போச்சு."

கழுத்து பளிங்கு மாதிரி இருந்தது.

முதலாளி திருப்தியாகக் கனைத்துக்கொண்டு போனார். தாள் வண்டியில் ஏறியது, வண்டியும் போனது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன அக்கா, இவள் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். இவள் மறைத்து வைத்திருந்த நாலு படங்களையும் காட்டினாள். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இது உன் வீட்டுக்காரரா?"

"ம்."

"நாம ஒரு உடம்புப் புத்தகம் போட்டோமே, ஞாபகம் இருக்கா? டாக்டர் காதுல மாட்டற குழாய் படம் போட்டு நீதான் அட்டை பண்ணின."

"உள்ள படிக்கலைக்கா."

"நான் அடிச்சேன்." அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கேயோ இருந்து சுட்டதுதான், எவ்வளவு நிஜமோ தெரியாது. மச்சம் வளந்தா, ஓரம் கலைஞ்சா, நிறம் மாறினான்னு ஒரு பக்கம் வரும். நான் டாக்டர் இல்ல கண்ணு. ஆனா நீ சாப்பாட்டுக்குக்கூட நிக்காத, கிளம்பு. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

கடை வாசலில், வெயில் முழுவதும் கழுத்தில் விழும்படி குனிந்து உட்கார்ந்து, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார் அவள் கணவர். எப்போதும் அங்கேதான் உட்காருவார், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று. அவள் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. 'பின்னால் யாரோ' என்ற தலைப்பு அவளுக்கு நினைவுக்கு வந்தது. அது வராமலிருந்திருக்கலாம்.

"என்னங்க."

"ஆர்ட்டிஸ்ட் அம்மா." திரும்பாமலே சிரித்தார். "பகல்லயே வந்தாச்சு. அவசரக் கொலையா? இந்த மாசம் எனக்கு என்ன சாவு?"

"கொஞ்சம் எழுந்திருங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி நின்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவரே கண்டுபிடித்திருந்த நிலை அது. அப்படி நின்றால்தான் கழுத்து நீளமாகத் தெரியுமாம். அவள் கிட்டப் போனாள். இவ்வளவு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும், இந்த இடத்தை வெயிலில் வெறும் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. திரையில் தெரிந்ததைவிட அது மேடாக இருந்தது. விரல் நுனியை அதன் பக்கத்தில் வைத்தாள், அதன் மேல் வைக்கவில்லை.

"வலிக்குதா?"

"எது? அதுவா? சலூன்காரன்கூடச் சொன்னான், பரு மாதிரி இருக்கு, கத்தி படாம வெட்டறேன்னு. நடுவுல ஒருதடவை சீப்பு பட்டு ரத்தம் வந்துச்சு. வலியெல்லாம் இல்ல."

அவர் சட்டைக் காலரில் அடிக்கடி வந்த பழுப்புக் கறையை மோட்டார் கிரீஸ் என்று நினைத்து அவள் தேய்த்துத் தேய்த்துத் துவைத்திருந்தாள். நன்றாகவே போயிருந்தது.

"எடுத்துட்டியா?" என்றார் சுவரைப் பார்த்து. "பேச்சையே காணோம். எடுத்துட்டியான்னு கேக்கறேன்."

டாக்டரின் அறையிலும் அவர் அதே மாதிரிதான் திரும்பி உட்கார்ந்தார், மோவாயைத் தாழ்த்தி. "என் முதுகு ரொம்பப் பிரபலம் டாக்டர். நீங்க எங்கேயாவது பாத்திருப்பீங்க." டாக்டர் சிரிக்கவில்லை. விளக்கை இழுத்து, ஒரு பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். "இப்பத்தான் சார்," என்றார் கணவர். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் போனில் அந்த நாலு படங்களையும் எடுத்து நீட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்கு ஒருமுறை திரும்பிப் போனார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரைப் பார்த்து, "சட்டையைப் போட்டுக்கிட்டு கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். கணவர் எழுந்து, ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது அவருடைய கை தானாகக் காதுக்குப் பின்னால் போனதை அவள் பார்த்தாள்.

அதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கழுத்துக்குக் கீழே இன்னொரு இடத்திலும் தடவிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தும் ஊசியால் ஒரு துளி எடுத்தார்கள். அது எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை, இருவரும் கேட்கவில்லை. முடிவு வர நாளாகும் என்றார்கள். கட்டு மாற்றிக்கொண்டு திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்துப் புத்தகக் கடை முன்னால் அவர் நின்றார். கயிற்றில் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். படிக்கட்டில் அவர், மாடியில் அவர், கண்ணாடி முன்னால் அவர். நடுவில், மை வாசனை போகாத புதுப் புத்தகம்.

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். கடைக்காரன் அவரை ஒரு வாசகராகத்தான் பார்த்தான்.

"இதுல அது இல்லையே."

"இல்லைங்க."

"எதுலயுமே இல்ல."

அவர் கையைத் தூக்கித் தன் கழுத்துப் பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ் ஒன்று நிற்காமல் கடந்து போனது. அந்தக் காற்றில் கயிறு ஆடியது. கயிற்றிலிருந்த அத்தனை பேரும் மாசில்லாத கழுத்தோடு சேர்ந்து அசைந்தார்கள். ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.