மர்ளியாவின் பீப்பாய்

முப்பத்தொரு வருசம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த பிறகும் அவளுக்கு ‘அகதி மஹ்மூதா’ என்றுதான் பெயர். தொண்ணூறில், சண்டையின்போது, மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுக் கற்பிட்டிக் கரைக்கு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. சண்டை முடிந்தே பன்னிரண்டு வருசமாயிற்று. ஊர்க்காரருக்கு மட்டும் அவள் நேற்று வந்து இறங்கியவள். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மகள் ருஷ்தாவுக்கு அடுத்த வளவு மர்ளியாவின் மகன் அஃப்ராஸைக் கேட்டபோது, மர்ளியா “பாப்பம்” என்று இழுத்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் விருப்பம். இடறியது அந்தப் பட்டப்பெயர்தான்.

அந்த வருசம் அரசாங்கம் இரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் ஒரே போடாய் நிறுத்தியது. பெரிய மனிதர்கள் சட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பூச்சிக்கு யார் சொல்வது? ஊரெல்லாம் மிளகாய்க் கன்றுகள் இலை சுருண்டு நின்றன. மஹ்மூதாவின் தோட்டம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. மீன் குடல், பனங்கட்டி, இடித்த வேப்பங்கொட்டை மூன்றையும் ஒரு பீப்பாயில் ஊறப்போட்டு, இருபது நாள் மூடி வைத்து, வடித்தெடுத்து, வாளித் தண்ணீருக்கு ஒரு கோப்பை கலந்து தெளித்தாள். பூச்சி என்ன, மனிதரே கிட்டப் போகமுடியாத நாற்றம்.

ஒருநாள் மர்ளியாவே தேடிவந்து செய்முறை கேட்டாள். மஹ்மூதா ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். போகும்போது மர்ளியா, அறுவடை முடியட்டும், பிள்ளைகளின் கலியாணக் கதையைக் கதைப்போம் என்றாள். அன்றைக்கு மஹ்மூதாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மஹ்மூதா குடல் எடுப்பது கரையில், தோணி வந்து இறங்கிய கையோடு. மர்ளியாவின் புருசன் மஹ்ரூபுக்குச் சொந்தமாய்க் கருவாடு காயவைக்கும் வாடி இருக்கும்போது அவள் ஏன் கரைக்கு நடக்க வேண்டும்? வாடிக் குடலையே அள்ளிக்கொண்டாள். வாடியில் புழு வைக்காமலிருக்கக் கழிவுக்கும் கைநிறைய உப்புப் போடுவார்கள். அதைச் சொல்லவேண்டுமென்று மர்ளியாவுக்கும் தோன்றவில்லை, கேட்கவேண்டுமென்று மஹ்மூதாவுக்கும் தோன்றவில்லை. போதாததற்கு, ஒரு கோப்பைக்குப் பதில் மூன்று கோப்பை ஊற்றினாள் மர்ளியா. மருந்து கூடினால் குணமும் கூடுமாம்! தெளித்த நாலாம் நாள் அவள் தோட்டம் முழுக்கக் கருகிக் கிடந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அகதி வேண்டுமென்றே எதையோ மறைத்துவிட்டாள் என்றது. வேலிக்கு இந்தப்பக்கம் கரி, அந்தப்பக்கம் பச்சை. வேறு சாட்சி எதற்கு? மஹ்மூதா ஓடிப்போய் மர்ளியாவின் பீப்பாய்க்குள் விரலை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கில் வைத்தாள். ஒரே உப்பு. அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தென்னைக்கே உப்புப் போட்டுத்தான் காய் பறிக்கிறோம், உப்பு மரத்தைக் கொல்லுமா என்று மஹ்ரூப் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. மர்ளியாவைக் கூட்டிவந்து நிறுத்தி, அதே பீப்பாயில் அள்ளி, வாளிக்கு மூன்று கோப்பை கலந்து, தன் கன்றுகளுக்கே தெளித்தாள். ஒரு வரிசை போதாதா உம்மா என்று ருஷ்தா கையைப் பிடித்து அழுதாள். ஒரு வரிசை மட்டும் பட்டுப்போனால் வேறு ஏதோ நோய் என்பார்கள். கடைசிக் கன்றுவரை தெளித்துவிட்டுத்தான் வாளியை வைத்தாள்.

நாலாம் நாள் தோட்டம் கருகியதும், பிள்ளை பாஸானதைச் சொல்ல ஓடுகிறவளைப்போல மர்ளியாவிடம் ஓடினாள்.

“பாத்தீங்களா? எல்லாம் அந்த உப்புதான். நான் ஒரு வஞ்சகமும் செய்யல்ல.”

மர்ளியா ஒரு இலையைக் கிள்ளினாள். அது கையிலேயே உதிர்ந்தது.

“ஓம், உப்புதான்” என்றாள். “உப்புப் பட்டா இப்படித்தான் எரியும் எண்டு ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு ராத்தா. அப்ப ஏன் எனக்கு மட்டும் சொல்லல்ல?”

அடுத்த மாசம் அஃப்ராஸுக்கு உள்ளூரிலேயே ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள்.